கூடையை இறக்கிய பின்

இலங்கையின் மலையகத்தில் அறுபதைத் தாண்டிய நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு மழையில் தொடங்கி, தேயிலைக் கொழுந்து விலையைத் தொட்டு, கடைசியில் குளிசையில் வந்து நிற்கிறது. யாருக்குச் சீனி ஏறியிருக்கிறது, யாருக்குப் பிரசர் இறங்கவில்லை, எந்தக் குளிசை வயிற்றைப் புரட்டுகிறது, எந்த ஆஸ்பத்திரியில் வரிசை சீக்கிரம் நகர்கிறது என்பதெல்லாம் கோயில் மண்டபத்திலும் பஸ் தரிப்பிடத்திலும் மரண வீட்டிலும்கூடப் பேசப்படுகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்னர் நிலைமை வேறாக இருந்தது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, கடை முதலாளிமாருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து உத்தியோகம் பார்ப்பவர்களுக்கும் வருவது என்றும், மலை ஏறி இறங்குகிற உடம்பை அது அண்டாது என்றும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் உறுதியாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருந்தது. ஏறி இறங்கிய காலம்வரை பலரை அது அண்டவில்லைதான். ஏற்றமும் இறக்கமும் நின்றுபோன பிறகு வந்து சேர்ந்தது.

கிளினிக்கில் எங்கள் பெரியவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை மாதா மாதம் ஒன்றுதான். மாவைக் குறையுங்கள், சீனியை விடுங்கள், உப்பைப் பாருங்கள், வெற்றிலையை நிறுத்துங்கள், நடவுங்கள். மருத்துவ ரீதியில் இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இந்தப் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பவர் அரிது. கேட்காமல் சொல்லப்படும் அறிவுரை முதியவரின் காதில் குற்றச்சாட்டாக விழுகிறது. வாயைக் கட்டத் தெரியாதவர் என்று தன்னைச் சொல்வதாக அவர் எடுத்துக்கொள்கிறார். என் கணிப்பில், தோட்டத்து முதியவரின் தட்டில் இருப்பது ஆசைச் சாப்பாடு அன்று. அது வேலைக்காக உருவான சாப்பாடு. வேலை போய்விட்டது, சாப்பாடு அதே அளவில் தங்கிவிட்டது. இதை விளங்கிக்கொண்டால்தான் எதை மாற்றலாம், யார் மாற்ற வேண்டும் என்பது தெளிவாகும்.

ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். அவர் இன்றைக்கும் ரொட்டி சுடும் விதம் மாறவில்லை. கோதுமை மாவைச் சட்டியில் கொட்டி, துருவிய தேங்காயைக் கை நிறைய அள்ளிப் போட்டு, உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பிசைவார். உருண்டையைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் தட்டி, விரல் மொத்தத்துக்குப் பரப்பி, கல்லில் போட்டு, மேலே கருமை புள்ளி புள்ளியாக விழும்வரை விட்டுவிடுவார். ஒரு தடவை அந்த உருண்டைகளில் ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மா மட்டும் 100 கிராமுக்குக் கிட்ட வந்தது. 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 360 கலோரி இருக்கிறது, தேங்காயின் கணக்கு தனி. காலையில் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றைத் துணியில் சுற்றி மலைக்குக் கொண்டுபோனால், மத்தியானச் சோற்றுக்கு முன்னரே எண்ணூறு கலோரியைத் தாண்டிவிடும்.

மலைக்குப் போன காலத்தில் அந்தக் கணக்கு மிகச் சரியாக இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, செங்குத்தான சரிவில் மழையிலும் பனியிலும் படங்கைக் கட்டிக்கொண்டு நின்று, பல தோட்டங்களில் ஒரு பேருக்கென்று, அதாவது ஒரு நாள் கூலிக்கென்று, கேட்கப்படும் 18 கிலோ அளவு கொழுந்தை எடுத்து, அதை நிறுவைக்குச் சுமந்துகொண்டு போய்த் திரும்ப மலைக்கு வரும் உடம்புக்கு வேறு எதுவும் காணாது. ரொட்டி கெட்டுப்போகாது, கறி கேட்காது, கொழுந்துக் கறை படிந்த கையோடு ஓரமாக நின்று தின்னலாம், பசியை மத்தியானம்வரை தாங்கும். தேங்காய்ச் சம்பலோ கட்டச்சம்பலோ ஒரு கிள்ளு இருந்தால் போதும். இதைக் கண்டுபிடித்தவர்கள் விவரம் கெட்டவர்கள் அல்லர். கையில் இருந்த பொருளையும் நேரத்தையும் வைத்து ஆகக் கூடிய பலத்தைப் பெறும் வழியைக் கண்டவர்கள். இப்போது அதே ரொட்டி, அதே மொத்தத்தில், தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எழுபது வயதுக்காரருக்குக் காலையிலும் இரவிலும் போகிறது.

மா எங்கள் வாழ்க்கைக்குள் வந்ததும் எங்கள் விருப்பத்தால் அன்று. தோட்ட நிருவாகமே அரிசியையும் மாவையும் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் முறை நெடுங்காலம் இருந்தது. 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர் மாவும் பாணும் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் தட்டுப்பாடின்றிப் போய்ச் சேர்ந்தன. அரிசி விலை ஏறும்போதெல்லாம் லயத்துச் சட்டியில் மா ஏறியது. அதற்கு முந்திய 1973, 74ஆம் ஆண்டுகளை இன்று எழுபது வயதில் இருப்பவர்கள் மறக்கவில்லை. அரிசி இல்லை, மா இல்லை, பாணுக்கு வரிசை. தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் இறந்த காலம் அது. மரவள்ளியையும் கீரையையும் கிடைத்த மற்றதையும் கொண்டு உயிர் பிழைத்தவர்களிடம் தட்டில் இருப்பதில் பாதியை மிச்சம் வையுங்கள் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை, சொல்லிப் பார்த்தவர்களே அறிவார்கள்.

அந்தப் பசிக்கு இன்னொரு பின்விளைவும் உண்டு. தாயின் வயிற்றிலும் சிறு வயதிலும் போதிய உணவு கிடைக்காத உடம்பு, கிடைப்பதை எல்லாம் சேமித்துவைக்கும் உடம்பாக வளர்கிறது. பிற்காலத்தில் தாராளமாகச் சாப்பாடு கிடைக்கும்போது நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் இருதய நோயும் அதற்கு எளிதில் வருகின்றன. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களைப் பல பத்தாண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, குருதியிலுள்ள குளுக்கோசைக் கையாளும் திறன் அவர்களிடம் குறைந்திருந்ததைக் கண்டார்கள். தெற்காசியருக்கு உடல் பருக்காமலேயே நீரிழிவு வருவதும் நன்கு அறியப்பட்ட செய்தி. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டினாலே எங்களுக்கு எச்சரிக்கை என்று வைத்தியர்கள் கணக்கு வைத்திருப்பது அதனால்தான். கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் முதியவரைப் பார்த்து, இவருக்கு எங்கே சீனி வரப்போகிறது என்று எண்ணிவிடக் கூடாது.

சீனிக்கும் உப்புக்கும் வருவோம். குளிரில் நிற்பவருக்குச் சூடான தேத்தண்ணிதான் நெருப்பு. நல்ல தூள் கப்பல் ஏறிப் போக, மிஞ்சிய தூளின் கசப்பை மறைக்கச் சீனி கூடியது. சிலர் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பார்கள். அவர்கள் கொஞ்சம் குறைவாகத்தான் எடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். கோப்பைக்குள் போடுபவர்களின் கணக்கைப் பாருங்கள்: ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, ஒரு நாளைக்கு ஆறு கோப்பை என்றால் 50 கிராமை எட்டும். 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்புக்கு அதே நிறுவனம் சொல்லும் எல்லை நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டி. ரொட்டி மாவில் உப்பு, சம்பலில் உப்பு, நெத்தலியில் உப்பு, கருவாட்டில் உப்பு, சோயா மீட் பக்கெட்டோடு வரும் தூளில் உப்பு. வியர்வையாக அது வெளியேறிய காலம் ஒன்றிருந்தது. இப்போது உள்ளே வருவது உள்ளேயே நின்று பிரசரை ஏற்றுகிறது. குளிரும் தன் பங்குக்கு இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், மார்கழி தை மாதங்களில் நுவரெலியாப் பக்கம் பலருடைய அளவு வழக்கத்தைவிடக் கூடுதலாக வருவதில் வியப்பில்லை.

மரக்கறியைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபமே வரும். கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் என்று நாட்டுக்கே மரக்கறி போடுவது எங்கள் மலை. கந்தப்பளையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் மூட்டை மூட்டையாக லொறி ஏறுகிறது. அந்த லொறி போகும் வீதிக்கு மேலே இருக்கும் லயத்தில், நாளுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் சாப்பிடுங்கள் என்ற அறிவுரைக் கடிதம் சுவரில் ஒட்டியிருக்கிறது, அடுப்பில் உருளைக்கிழங்கும் பருப்பும் கொதிக்கிறது. தினமும் கடையில் மரக்கறி வாங்கக் காசு இருக்க வேண்டும்; காய்கறி போட லயத்து வாசலுக்கு முன்னால் கொஞ்சமாவது நிலம் இருக்க வேண்டும். நிலம் உள்ள வீடுகளில் வல்லாரையும் பொன்னாங்காணியும் அகத்தியும் கொல்லையில் நிற்கின்றன. அவற்றைச் சுண்டலாக்கி ரொட்டிக்கு அருகில் வைத்தால் ரொட்டி தானாகவே சின்னதாகிறது என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம்போல வரும் ஓய்வூதியம் கிடையாது. சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் மொத்தமாக வரும். வந்த வேகத்தில் மகளின் கலியாணத்துக்கோ வீட்டுக் கூரைக்கோ பழைய கடனுக்கோ போய்விடும். எழுபது வயதானால் அரசாங்கத்தின் முதியோர் கொடுப்பனவு சிலருக்கு உண்டு. மற்றபடி அவர் மகன் வீட்டுச் சட்டியில் என்ன வேகிறதோ அதைத்தான் சாப்பிடுகிறார். எனக்கு மட்டும் தனியாக ஆக்கு என்று மருமகளிடம் கேட்க அவருக்கு வாய் வராது. காலை ஏழு மணிக்கு மலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ ஓடும் மருமகளுக்குத் தனியாக ஆக்க நேரமும் வராது. ஆகவே முதியவரிடம் மட்டும் சாப்பாட்டை மாற்றுங்கள் என்று சொல்வது, சாவி இல்லாதவரிடம் கதவைத் திறக்கச் சொல்வதைப் போன்றது. அறிவுரை சமைப்பவரிடம் போக வேண்டும். நாற்பதில் இருக்கும் அந்த மருமகளுக்கும் இதே நோய் காத்திருப்பதால் அது அவருக்கும் நல்லது. 35 வயதைத் தாண்டியவர்கள் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம் என்று சுகாதார அமைச்சு 2011 முதல் நடத்திவரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இருக்கின்றன. அரைப்பேர் போய்விடும் என்ற பயத்தில் வேலைக்குப் போகிறவர்கள் அங்கே போவதில்லை. நோய் வந்த பிறகு கிளினிக்குக்கு மாதா மாதம் ஒரு முழுப் பேரே போகிறது.

கிளினிக் நாள் என்பது தனி உலகம். விடிய முன்னர் எழுந்து, வெறும் வயிற்றோடு, குறுக்குப் பாதையில் இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்து, இலக்கம் எடுத்து உட்கார வேண்டும். மூச்சு வாங்க ஏறி வந்தவரை உடனே உட்கார்த்திக் கையில் பட்டியைக் கட்டினால் பிரசர் ஏறித்தான் காட்டும். குறைந்தது ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு அளந்த அளவே நம்பத்தக்கது. நெரிசலில் அதற்கு எங்கே இடம்? இன்னொரு வேடிக்கையும் நடக்கும். கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்னரே சீனியும் ரொட்டியும் நின்றுவிடும், காலைக் குருதிப் பரிசோதனை அழகாக வரும், தாதி மிஸ் பாராட்டுவார், திரும்பும் வழியில் ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு வடையும் இனிப்புத் தேத்தண்ணியும். எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனையை மட்டும் இப்படி ஏமாற்ற முடியாது, அது கடந்த மூன்று மாதக் கணக்கை ஒன்றாகக் காட்டிவிடும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: எங்கள் பெண்களில் பலருக்கு இரத்தச் சோகை உண்டு, சோகையின் வகையைப் பொறுத்து அந்த அளவு கூடியோ குறைந்தோ காட்டக்கூடும். சாப்பாட்டோடு தேயிலைச் சாயம் குடிப்பது இரும்புச் சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கிறது என்பதால், தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளி வைப்பது இரண்டு வகையில் பயன் தரும்.

குளிசைப் பக்கெட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னக் கடதாசி உறைகளில் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் கிறுக்கப்பட்டிருக்கும், எத்தனை வேளை என்பது பல இடங்களில் சிங்களத்தில் இருக்கும். எங்கள் முதியவர்கள் இரண்டையும் வாசிக்காமல் நிறத்தையும் வடிவத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்: நீளமானது சீனிக்கு, சின்னது பிரசருக்கு, மஞ்சள் கொழுப்புக்கு. அடுத்த மாதம் வேறு கம்பனியின் குளிசை வந்துவிட்டால் நிறம் மாறிவிடும், அதோடு கணக்கும் மாறிவிடும். ஒரே மருந்தை இரண்டு நிறத்தில் இரண்டு தடவை விழுங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். தலை சுற்றி விழுந்த பிறகுதான் வீட்டார் உறைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். உறையின் மீது தடித்த பேனையால் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைந்துவிட்டால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி தீரும். பேரப்பிள்ளைகள் அதைச் சந்தோசமாகச் செய்கிறார்கள்.

2022இல் நாடு வங்குரோத்தானபோது ஆஸ்பத்திரி மருந்து தட்டுப்பட்டு, வெளியே வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்த காலத்தில் ஆரம்பித்த பழக்கம் ஒன்று இன்னும் விடவில்லை. குளிசையைப் பாதியாக உடைப்பது, ஒன்றுவிட்ட ஒரு நாள் போடுவது, உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் நிறுத்துவது. பிரசர் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டுப் பாரிசவாதமாக வெளிப்படும் நோய். நன்றாக இருப்பது குளிசையால்தான் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் விரதம் இருப்பவர்கள், சாப்பிடாமலேயே கிளிக்ளசைட் போன்ற சீனிக் குளிசையைப் போட்டுவிட்டால் சீனி அபாயகரமாக இறங்கும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறும்போது சாமி வந்துவிட்டது என்றும் நினைத்திருக்கிறார்கள். வயதானவர்களுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருப்பதைவிட இப்படித் திடீரென்று இறங்குவதே உடனடி ஆபத்து. அதனால்தான் தளர்ந்த முதியவர்களுக்கு எச்.பி.ஏ.1.சி. அளவு 8 சதவீதம்வரை இருந்தாலும் வைத்தியர்கள் பல வேளைகளில் ஏற்றுக்கொள்கிறார்கள். விரதம் இருக்க விரும்புகிறவர் அதைக் கிளினிக்கில் முன்கூட்டியே சொன்னால் குளிசையை அதற்கேற்ப மாற்றித் தருவார்கள். கொத்தல ஹிம்புட்டு என்ற மூலிகையின் மரக் கோப்பையில் ஊறிய தண்ணீரைக் குடிப்பவர்களும் அதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதுவும் உண்மையிலேயே சீனியைக் குறைக்கும் தன்மை கொண்டது.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது வலிக் குளிசைக்குத்தான். முப்பது, நாற்பது வருடம் தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமந்த பெண்ணுக்குக் கழுத்தும் இடுப்பும் முழங்காலும் வலிக்காமல் என்ன செய்யும்? அந்த வலிக்குக் கிளினிக்கில் ஒதுக்க நேரமில்லை. டவுனில் ஏதாவதொரு மருந்துக் கடைக்குப் போய், கைகால் உளைச்சலுக்குக் குளிசை தாங்க என்றால் கேள்வி இல்லாமல் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது டைக்ளோபெனக். அந்தக் குளிசை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரசரை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், வயிற்றில் புண்ணையும் உண்டாக்கும். பிரசருக்கு லொசாட்டான் அல்லது எனலாப்ரில் எடுப்பவர், அதோடு நீர் போவதற்கான குளிசையும் எடுப்பவர், மூன்றாவதாக இந்த வலிக் குளிசையையும் சேர்த்துவிட்டால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூட இடமுண்டு. வயிற்றோட்டம் வந்து உடம்பு காய்ந்திருக்கும் நாட்களில் அந்த ஆபத்து இன்னும் அதிகம். கிளினிக்கில் பிரசர் குறையவில்லை என்று குளிசையைக் கூட்டுகிறார்கள். அது ஏன் குறையவில்லை என்பதற்கான காரணம் அம்மாவின் முந்தானை முடிச்சில் இருக்கிறது. வைத்தியர் கேட்பதில்லை, அம்மா சொல்வதில்லை. அது வலிக்குத்தானே, சீனிக்கும் பிரசருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது அவரது நியாயம். பனடோலை அளவோடு போடுவதும், வெந்நீர் ஒத்தடமும், சித்தாலேப பூசித் தேய்ப்பதும், தொடைத் தசையைப் பலப்படுத்தும் எளிய பயிற்சியும் மெதுவான வழிகள்தாம், ஆனால் சிறுநீரகத்தை விலையாகக் கேட்காத வழிகள்.

பயிற்சி என்று சொன்னதும் எங்கள் பெண்கள் சிரித்துவிடுகிறார்கள். இன்னுமா மலை ஏற வேண்டும் என்று கேட்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் முதியவர்களுக்கும் சொல்லும் அளவு. அதோடு 65 வயதைத் தாண்டியவர்கள் விழாமல் இருப்பதற்கான சமநிலைப் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்கிறது. தேய்ந்த முழங்காலோடு லயத்துப் படிகளில் இறங்குவதற்கு அவர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. இறக்கம்தான் முழங்காலைக் கொல்லும். சமதரை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் கோயில் முற்றம் இருக்கிறது, பெரட்டுக்களம் இருக்கிறது, பாடசாலை மைதானம் இருக்கிறது. கோயிலை மூன்று சுற்றுச் சுற்றுபவர் அதைப் பத்தாக்கினால் நடைக்கு வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துத் தடவை செய்தாலே தொடைத் தசைக்கு நல்ல வேலை. நடக்கச் சொல்லிப் பார்த்தால் முனகும் அம்மா, கொல்லையில் கீரைப் பாத்தி போட்டுக் கொடுத்தால் அரை நாள் குனிந்து நிமிர்கிறார். கையில் ஒரு வேலையோடு நடந்தே பழகியவர்களுக்கு வெறுங்கையோடு நடப்பது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது போலும்.

கால்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெறுங்காலோடு அட்டைக்கடி பட்டு, கல்லில் இடித்து, பித்தவெடிப்பில் மண் ஏறிக் கிடந்த கால்கள் அவை. அந்தக் கால்களுக்குச் செருப்பு போட்டுப் பழக்கம் குறைவு. சீனி பல வருடம் இருந்தால் நரம்பு செத்துப் பாதம் மரத்துவிடும். குளிர்கால இரவில் எங்கள் பெரியவர்கள் செய்வது என்ன? அடுப்புக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து, தணலுக்கு நேரே காலை நீட்டுகிறார்கள். மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. தோல் வெந்து கொப்பளம் போட்ட பிறகு, காலையில் யாராவது சொல்லித்தான் தெரியவருகிறது. சுடுநீர்ப் போத்தலைக் காலுக்கடியில் வைத்துப் படுப்பவர்களுக்கும் இதே கதி. ஒரு விரல் கறுத்து, பிறகு பாதம் போய், பிறகு முழங்காலுக்குக் கீழே வெட்டியெடுத்த கதைகள் எங்கள் பக்கத்தில் உள்ளன. அவற்றில் எத்தனை அடுப்படியில் ஆரம்பித்தன என்று எவரும் எழுதிவைக்கவில்லை. கம்பளிக் காலுறை போதும், நெருப்பு வேண்டாம். இரவில் படுக்குமுன் பேரப்பிள்ளை ஒன்று டோர்ச் அடித்துத் தாத்தாவின் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகாது.

அதே அடுப்பின் புகையும் ஒரு பழைய எதிரிதான். புகைபோக்கி இல்லாத காம்பிராவில் ஐம்பது வருடம் விறகு ஊதிய பெண்களுக்கு, சுருட்டைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும், நுரையீரல் அடைபட்டு இளைப்பு வருகிறது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று கொத்தமல்லி குடித்துக் காலத்தைக் கடத்துகிறார்கள். 2022இல் எரிவாயு இல்லாமல் போனபோது விறகுக்குத் திரும்பிய வீடுகள் சில இன்னும் விறகில்தான் இருக்கின்றன. சாராயத்தையும் கசிப்பையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சேர்க்க ஒன்றும் இல்லை.

வெற்றிலை அப்படி அன்று, அது துணை. மலையில் பசியை அடக்கியது, குளிரில் வாயைச் சூடாக வைத்தது, பக்கத்து நிரைக்காரியோடு பேச்சை ஆரம்பித்து வைத்தது. பாக்கே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்துவிட்டது. புகையிலையைச் சேர்த்தால் ஆபத்து இன்னும் ஏறும். இலங்கை ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். எழுபது வயதில் முழுதாக விடுங்கள் என்றால் பலர் விடமாட்டார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு, முதலில் புகையிலையை நீக்குவது, பிறகு பாக்கைக் குறைப்பது, இரவில் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவதை உடனே நிறுத்துவது என்று படிப்படியாகப் போவதே நடக்கக்கூடியது. வாயில் வெள்ளைத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயை முன்போல அகலத் திறக்க முடியாமை, காரம் பட்டால் எரிவு ஆகியவற்றில் எது இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இந்த நோயைத் தொடக்கத்தில் பிடித்தால் குணமாக்க முடியும்.

வீட்டில் என்ன மாற்றினோம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. ரொட்டியை நிறுத்தவில்லை, உருண்டையைப் பாதியாக்கி, மாவில் குரக்கன் கலந்து, மெல்லியதாகத் தட்டி, கீரைச் சுண்டலையும் அவித்த கடலையையும் பக்கத்தில் வைத்தோம். சம்பலுக்கு உப்பைக் குறைத்துத் தேசிக்காய் கூட்டினோம். சீனிப் போத்தலை மேசையிலிருந்து அலுமாரிக்கு மாற்றினோம். எல்லோருக்கும் ஒரே தேத்தண்ணி, அரைக் கரண்டி. அம்மாவுக்கென்று தனிச் சாப்பாடு எதுவும் இல்லை என்பதால் அவர் தன்னை நோயாளியாக எண்ணிக் குறைப்படவில்லை. அம்மாவின் பிரசர் இறங்கியதில் எது எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வலிக் குளிசையை விட்டதற்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது கிளினிக் ஐயாவின் கருத்து.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போது அன்போடு கொண்டுவருபவை ஹோர்லிக்ஸ் டின்னும் கிறீம் பிஸ்கட்டும் கேக்கும்தான். சத்துக்கு என்று சொல்லிக் கொடுக்கும் அந்த டின்னில் சீனி தாராளமாக இருக்கிறது. சீனி இல்லாதது என்று நம்பி வாங்கும் கிறேக்கர் பிஸ்கட்டும் மாவும் எண்ணெயும் உப்பும்தான். அந்தக் காசுக்கு முன்புறம் மூடிய, பின்பட்டி உள்ள, விரல்களை நெருக்காமல் காலுக்குப் பொருந்தும் நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள். இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் பிரசர் பார்க்கும் கருவி ஒன்று வாங்கலாம். மணிக்கட்டில் கட்டுவதை விட்டுவிட்டு மேற்கையில் கட்டும் வகையாகப் பாருங்கள், பட்டி அம்மாவின் கைக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே கேளுங்கள். அதை ஒரே வீட்டில் பூட்டிவைக்காமல் லயத்தில் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்தால், அந்த வரிசையில் இருக்கும் எல்லாப் பெரியவர்களும் வாரத்துக்கு ஒரு தடவை, காலையில், குளிசைக்கு முன்னர், உட்கார்ந்து ஓய்ந்த பிறகு பார்த்துக்கொள்வார்கள். அளவையும் திகதியையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், அடுத்த முறை வைத்தியர் கேட்காவிட்டாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.